ஒரே இரவில் காலியான கணக்கு: கைப்பேசிக்குள் நுழைந்தவர்களிடம் நான் பட்ட பாடு

2023 தீபாவளிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, சிங்கப்பூரில் என் சேமிப்புக் கணக்கில் இருந்த 8,300 வெள்ளியும் (டாலரும்) ஒரே இரவில் போய்விட்டது. கைப்பேசி என் தலைமாட்டில்தான் சார்ஜில் கிடந்தது. நான் யாருக்கும் ஓடிபி சொல்லவில்லை. வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று யாரும் அழைக்கவும் இல்லை. நமக்கு அதுவரை சொல்லித்தந்த எச்சரிக்கை எல்லாம் வேறு வகைத் திருட்டுக்கானது. கணவர் அப்போது ஊரில், தஞ்சாவூர்ப் பக்கம், அறுவை சிகிச்சை முடிந்திருந்த மாமியாரோடு இருந்தார். வீட்டில் நானும் மகளும்தான். முதலில் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது, எதைத் தொடக்கூடாது என்று சொல்ல ஆளில்லாமல் தவித்தேன். அந்தத் தவிப்பு இன்னொருவருக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு வீட்டை ஒழுங்குபடுத்த வேண்டும், வேலையும் பார்த்துக்கொண்டு தனியாளாக முடியவில்லை. சமூக ஊடகத்தில் வீடு சுத்தம் செய்யும் சேவைக்கு விளம்பரம் வந்தது. மூன்று மணி நேரத்துக்கு 48 வெள்ளி. நம்ப முடியாத அளவுக்கு மலிவு ஒன்றும் இல்லை, மற்றவர்கள் கேட்பதைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அழுத்தினால் வாட்ஸ்அப் திறந்தது. எதிர்ப்பக்கம் பேசியவர் எத்தனை அறை, செல்லப்பிராணி உண்டா, மின்தூக்கி எங்கள் மாடியில் நிற்குமா என்றெல்லாம் கேட்டார். உண்மையான நிறுவனங்கள் கேட்கும் அதே கேள்விகள். 'சிஸ், புதன்கிழமை காலை ஓர் இடம்தான் இருக்கு, எங்க செயலியில பதிவு பண்ணிடுங்க, 5 வெள்ளி முன்பணம் போதும்' என்று ஓர் இணைப்பை அனுப்பினார். அது பிளே ஸ்டோருக்குப் போகவில்லை. நேராக ஒரு ஏபிகே கோப்பு, அதாவது பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து செயலியை நிறுவும் கோப்பு, இறங்கியது. ஆண்ட்ராய்டு எச்சரிக்கை காட்டும் என்று அவருக்குத் தெரியும். அதனால் நான் கேட்பதற்கு முன்பே, எந்த இடத்தில் எதை அழுத்த வேண்டும் என்று சிவப்பு வட்டம் போட்ட படங்களை ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டே இருந்தார்.

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். செயலியை நிறுவியதும் அது ஒரே ஓர் அனுமதிதான் கேட்டது. ஆங்கிலத்தில் 'அக்செசிபிலிட்டி', தமிழ் அமைப்பில் 'அணுகல்தன்மை' என்று இருக்கும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் கை அசைக்கச் சிரமப்படுபவர்களும் கைப்பேசியைப் பயன்படுத்துவதற்காக உருவான நல்ல வசதி அது. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும், அவர்களுக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தும். அதையே ஒரு திருட்டுச் செயலியிடம் கொடுத்தால், நீங்கள் தட்டச்சு செய்வதை எல்லாம் அது படிக்கும், நீங்கள் தூங்கும்போது உங்களுக்குப் பதிலாக அழுத்தும், மற்ற அனுமதிகளையும் தானே எடுத்துக்கொள்ளும். கேமரா, தொடர்புகள் என்று கேட்டால் நாம் யோசிப்போம். இந்தச் சொல்லைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. ஆனால் வீட்டுச் சாவிக்கொத்தையே தூக்கிக் கொடுப்பது போல அது. எழுத்தைப் பெரிதாக்கவோ படித்துக்காட்டவோ நீங்களாகத் தேடி நிறுவிய செயலியைத் தவிர, வேறு எது கேட்டாலும் இந்த அனுமதி கிடையாது என்று இன்றைக்கே முடிவு செய்துகொள்ளுங்கள். வீடு கூட்டுபவருக்கும் கேக் விற்பவருக்கும் இது எதற்கு?

பதிவுப் பக்கம் அழகாக இருந்தது. நாட்காட்டி, நேரம், பழைய வாடிக்கையாளர்களின் நட்சத்திரங்கள் எல்லாம் உண்டு. முன்பணம் கட்டும் இடத்தில் எல்லா வங்கிகளின் சின்னமும் வரிசையாக வந்தது. என் வங்கியைத் தேர்ந்தெடுத்ததும் அதே நிறம், அதே எழுத்து, அதே உள்நுழைவுப் பக்கம். பயனர் பெயரும் கடவு எண்ணும் போட்டதும், 'பிழை ஏற்பட்டது, மீண்டும் முயலவும்' என்றது. வாட்ஸ்அப்பில் சொன்னேன். 'பரவாயில்லை சிஸ், எங்க சிஸ்டம் இன்னிக்குக் கொஞ்சம் மெதுவா இருக்கு. ஆட்கள் வரும்போது ரொக்கமா கொடுங்க' என்றார். பணமே வேண்டாம் என்கிறவரை யாராவது சந்தேகப்படுவார்களா? எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த 5 வெள்ளி அவர்களுக்குத் தேவையே இல்லை, அந்தப் பக்கத்தில் நான் தட்டச்சு செய்ததுதான் தேவை என்பது பிறகுதான் விளங்கியது. பின்னால் விசாரித்தபோது நடைமுறை எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்று தெரிந்தது. அந்த ஆண்டு மூன்கேக், கடல் உணவு, ஏர்கான் பராமரிப்பு என்று பொருள் மட்டும் மாறிக்கொண்டிருந்தது. பபிள் டீ கடையில் ஒட்டியிருந்த க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து 20,000 வெள்ளி இழந்தவர் பற்றியும் செய்தி வந்தது. காவல்துறைக் கணக்குப்படி 2023இல் மட்டும் இப்படித் தீநிரல் (கைப்பேசிக்குள் புகும் கெட்ட செயலி) வழியாக 1,899 சம்பவங்கள், போனது குறைந்தது 34.1 மில்லியன் வெள்ளி. என்னைப் போல அத்தனை பேர்.

அன்றிரவு கைப்பேசி சூடாக இருந்தது. மகள் வீடியோ பார்த்திருப்பாள் என்று நினைத்து சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் அலாரம் அடிக்கவில்லை. வெளிச்சம் கண்ணில் பட்டு எழுந்து கைப்பேசியை எடுத்தால், கடையில் புதிதாக வாங்கும்போது வருமே, 'மொழியைத் தேர்ந்தெடுக்கவும்' என்ற திரை, அது நின்றது. படங்கள், தொடர்புகள், வாட்ஸ்அப் எதுவும் இல்லை. ஏதோ அப்டேட்டில் கெட்டுவிட்டது என்று நினைத்து, மகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்து, உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்ப நிறுவினேன். பொன்னான நேரம் அதிலேயே போனது. பணத்தை எடுத்த பிறகு அவர்களே கைப்பேசியைத் துடைத்துவிடுகிறார்கள். தடயமும் அழியும், நமக்கு விஷயம் தெரியவும் தாமதமாகும். இதை மட்டும் எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால்! நீங்கள் எதுவும் செய்யாமல் கைப்பேசி தானாக முதல்நாள் நிலைக்குத் திரும்பியிருந்தால் அது பழுது என்று நினைக்காதீர்கள். வேறொரு போனை எடுத்து உடனே வங்கியைக் கூப்பிடுங்கள். அமைப்பு, புகைப்படம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வங்கிச் செயலியில் நுழைய முடியவில்லை. கடவு எண் தவறு என்றது. அப்போதுதான் வயிற்றில் என்னவோ செய்தது. புளோக்குக்குக் கீழே இருக்கும் ஏடிஎம்முக்கு ஓடினேன். இருப்பு 14 வெள்ளி சொச்சம். பின்னால் வரிசையில் நின்றவர் இருமியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. மேலே வந்து வங்கியைக் கூப்பிடலாம் என்றால், அந்தப் போனே என்னைப் பயமுறுத்தியது. இதிலிருந்து பேசினாலும் கேட்டுக்கொண்டிருப்பார்களோ? எதிர்வீட்டு மக்சிக்கின் (மலாய்க்கார அம்மாவின்) கதவைத் தட்டி, அவர் போனை வாங்கிப் பேசினேன். மக்சிக் எதுவும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு கோப்பை மைலோவை வைத்துவிட்டு, என் பக்கத்திலேயே நின்றார். வங்கி எண் வங்கி அட்டையின் பின்பக்கத்தில் இருந்ததால் பிழைத்தேன். கணவரின் எண் எனக்கு மனப்பாடமாகத் தெரியாது, ஊர் சிம் எண் சுத்தமாகத் தெரியாது. இப்போது எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: குடும்பத்தார் எண்கள், வங்கியின் மோசடித் தடுப்பு எண், மோசடி உதவி எண் 1799. கையால் எழுதியது. நீங்களும் ஒன்று எழுதி ஒட்டுங்கள்.

வங்கி அலுவலர் வாசித்துக் காட்டிய பட்டியலைக் கேட்கக் கேட்கக் கை நடுங்கியது. நள்ளிரவு தாண்டி 1.40க்குப் பணம் அனுப்பும் தினசரி வரம்பை உயர்த்தியிருக்கிறார்கள். பிறகு என் கடன் அட்டையிலிருந்து 2,500 வெள்ளியை ரொக்க முன்பணமாக எடுத்து என் சேமிப்புக் கணக்கில் போட்டு, அதையும் சேர்த்து முன்பின் தெரியாத கணக்குகளுக்கு, உடனடியாகப் பணம் அனுப்பும் பேநவ் சேவை வழியாகத் துண்டு துண்டாக அனுப்பியிருக்கிறார்கள். என்னிடம் இல்லாத பணத்தையும் என் பெயரில் கடனாக எடுத்துத் திருடியிருக்கிறார்கள்! ஆக, மொத்தம் 10,800 வெள்ளி.

'இத்தனைக்கும் எனக்கு ஓர் எஸ்எம்எஸ்கூட வரவில்லையே' என்று கேட்டேன். வந்திருக்கிறது. வந்த உடனே அழிக்கப்பட்டிருக்கிறது. மின்னஞ்சலும் அதே கைப்பேசியில்தான், அதுவும் அழிந்தது. 2021 டிசம்பரில் நடந்த பெரிய எஸ்எம்எஸ் மோசடிக்குப் பிறகு, புதிய கைப்பேசியில் டிஜிட்டல் டோக்கன் (பரிமாற்றம் செய்வது நாம்தான் என்று வங்கிச் செயலியில் உறுதி செய்யும் வசதி) போட்டால் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் என் விஷயத்தில் புதிய கைப்பேசியே இல்லை. என் கைப்பேசிக்குள் இருந்துகொண்டு, என் டோக்கனையே அழுத்தியிருக்கிறார்கள். வங்கியின் கண்ணுக்கு அது நான்தான். கணக்கும் டோக்கனும் எச்சரிக்கையும் மின்னஞ்சலும், அரசாங்கச் சேவைகளில் நுழையும் அடையாளக் கணக்கான சிங்பாஸும் ஒரே கருவியில் இருந்தால், அந்த ஒன்று போனதும் எல்லாம் போகிறது. அதனால் கைப்பேசியைக் காப்பாற்ற எவ்வளவு மெனக்கெடுகிறோமோ அதே அளவு, கைப்பேசி போனாலும் பணம் போகாதபடி ஏற்பாடு செய்து வைக்க வேண்டும் என்பேன். அன்றிலிருந்து என் வங்கி எச்சரிக்கைகள் கணவரின் கைப்பேசியில் மட்டும் இருக்கும் ஒரு மின்னஞ்சலுக்குப் போகின்றன. எச்சரிக்கை வரும் குறைந்தபட்சத் தொகையையும் மிகக் குறைவாக வைத்துவிட்டேன். பேநவ் வரம்பு அன்றாடச் செலவுக்கு மட்டும். கடன் அட்டையில் ரொக்க முன்பணம் எடுக்கும் வசதியை மூடச் சொல்லிவிட்டேன். உங்களுக்கு அப்படி ஒரு வசதி திறந்திருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள். எனக்கு அது இருப்பதே அன்றுதான் தெரியும்.

சந்தேகம் வந்த நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். கைப்பேசியை ஏர்பிளேன் மோடில் போடுங்கள், வைஃபை அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். திரை உங்கள் சொல்பேச்சைக் கேட்காமல் தானாக நகர்ந்தாலோ கறுத்துப்போனாலோ, வீட்டு ரௌட்டரை அணைத்து, சிம்மை உருவுங்கள். வேறொருவரின் போனில் வங்கியை அழைத்து 'கில் ஸ்விட்ச்' போடச் சொல்லுங்கள். கணக்கு, அட்டை எல்லாவற்றையும் ஒரேயடியாக முடக்கும் வசதி அது. சில வங்கிகளில் ஏடிஎம்மிலேயே செய்யலாம். வேறு வங்கிகளிலும் கணக்கு இருந்தால் அங்கேயும் சொல்ல வேண்டும், ஒரு வங்கி இன்னொரு வங்கிக்குச் சொல்லாது. பிறகு சுத்தமான வேறொரு கருவியிலிருந்து சிங்பாஸ், மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றுங்கள். பாதிக்கப்பட்ட கைப்பேசியிலேயே கடவுச்சொல்லை மாற்றினால் புதியதையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். கைப்பேசியை உடனே துடைக்க வேண்டாம். காவல்துறையில் புகார் கொடுத்து, அவர்கள் பார்த்த பிறகு துடைத்துக்கொள்ளலாம். அந்த ஏபிகே, விளம்பரம், வாட்ஸ்அப் எண் மூன்றும் அவர்களுக்கு வேண்டும்.

அக்கம்பக்கக் காவல் நிலையத்தில் ஒரு தமிழ்த் தம்பிதான் புகாரை எழுதினார். 'அக்கா, முதல்ல தண்ணி குடிங்க. நேத்துகூட ஒருத்தர் இதே மாதிரி வந்தாரு' என்றார். அதைக் கேட்டதும் அடக்கி வைத்திருந்தது எல்லாம் உடைந்து அழுதுவிட்டேன். வெட்கம் ஒரு பக்கம், அதைவிட அதிகமாகக் கோபம். அந்தப் பணம் மகளின் துணைப்பாட வகுப்புக்கும் மாமியாரின் மருத்துவச் செலவுக்கும் என்று ஒதுக்கி வைத்தது. கணவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உடனே சொல்லவும் இல்லை. மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் என்ன சொல்வேன்? ஒருநாள் இரவு துணிந்து, 'என்னங்க, ஒன்னு சொல்லணும்' என்று ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், 'நீயும் பாப்பாவும் நல்லாத்தானே இருக்கீங்க?' என்றுதான் கேட்டார். அவரிடம் சொன்ன பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. ஆகவே யாரிடமாவது சொல்லுங்கள். மறைத்து வைக்கும் ஒவ்வொரு நாளும் உடம்பைக் கெடுக்கிறது.

பணம் திரும்பியதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பல மாதங்கள் கழித்து, முடக்கப்பட்ட ஒரு கணக்கில் சிக்கியிருந்த 1,150 வெள்ளி வந்தது. மற்றது வரவில்லை. கடன் அட்டைத் தொகையைத் தவணையில் கட்டி முடித்தேன். வங்கி தன் விசாரணைக்குப் பின் அனுப்பிய கடிதத்தில், பரிமாற்றங்கள் என் டோக்கனால்தான் உறுதி செய்யப்பட்டன என்று இருந்தது. 2024 டிசம்பரில் வந்த பகிரப்பட்ட பொறுப்புக் கட்டமைப்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், வங்கிகளும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் கடமை தவறினால் நட்டத்தை ஏற்க வேண்டும் என்பது. அது போலி இணையப்பக்கம் வழியாக நடக்கும் மோசடிக்குத்தான், தீநிரலுக்கு இல்லை. எப்படியும் ஈடு கிடைத்துவிடும் என்ற நினைப்பில் இருக்காதீர்கள்.

2023லிருந்து நிறைய மாறியிருப்பது உண்மை, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஓசிபிசி வங்கி 2023 ஆகஸ்டிலேயே, சந்தேகத்துக்குரிய அனுமதிகளோடு வெளியிலிருந்து நிறுவிய செயலி இருந்தால் வங்கிச் செயலியைத் திறக்கவிடாமல் தடுக்க ஆரம்பித்தது. மற்ற வங்கிகளும் தொடர்ந்தன. அப்படித் தடுத்தால் பலர் எரிச்சல்படுகிறார்கள், எனக்கு அந்தத் தடுப்பைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும். 2024 பிப்ரவரியில் கூகுள், இணையப் பாதுகாப்பு அமைப்போடு சேர்ந்து உலகிலேயே முதலில் சிங்கப்பூரில் ஒரு முயற்சியைத் தொடங்கியது. எஸ்எம்எஸ் படிக்கவோ அணுகல்தன்மையைப் பயன்படுத்தவோ கேட்கும் செயலியை இணையத்திலிருந்து இறக்கினால், ஆண்ட்ராய்டில் உள்ள பாதுகாப்பு வசதியான பிளே புரொடெக்ட் தானாகவே தடுத்துவிடும். அதனால்தான் திருடர்கள் இப்போது 'முதலில் பிளே புரொடெக்டை அணையுங்கள்' என்கிறார்கள். அப்படி ஒருவர் சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். 2023 நவம்பரில் வந்த பணப்பூட்டு வசதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு தொகையைப் பூட்டி வைத்தால், கைப்பேசி வழியாக அதை யாரும் அனுப்ப முடியாது, நீங்களும்கூட. திறக்க நேரில் போக வேண்டும். எனக்கு நடந்து சில வாரங்களில் அது வந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு எரிகிறது. அவசரத்துக்கு வேண்டியதை வெளியே விட்டு மற்றதெல்லாம் இப்போது பூட்டில் இருக்கிறது. 55 வயது தாண்டிய என் அம்மாவின் மசேநி (மத்திய சேமநிதி, ஓய்வுகாலச் சேமிப்பு) கணக்கிலும் பணம் எடுப்பதற்குப் பூட்டு போட்டுவிட்டோம். 2023 ஜூனில் இதே தீநிரலால் இருவரின் மசேநியிலிருந்து 99,800 வெள்ளி போனது.

ஐபோன் வைத்திருப்பவர்கள் இது நமக்கில்லை என்று நினைக்கலாம். ஏபிகே தொல்லை அதில் இல்லை, ஆனால் வாட்ஸ்அப்பைப் பறிப்பவர்களுக்கு எந்தக் கைப்பேசியும் ஒன்றுதான். வாட்ஸ்அப் அமைப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தைத் திறந்து, உங்களுடையது அல்லாத கணினி ஏதும் இருந்தால் வெளியேற்றுங்கள், இரு படிச் சரிபார்ப்புக்கு ஒரு பின் எண்ணும் போடுங்கள். அப்டேட் வந்தால் அன்றே செய்துவிடுங்கள். ஐயமான இணைப்பையோ எண்ணையோ, மோசடியைக் கண்டறிய உதவும் ஸ்கேம்ஷீல்ட் செயலியில் போட்டுப் பார்க்கலாம், அல்லது 1799ஐக் கூப்பிட்டுக் கேட்கலாம். 24 மணி நேரமும் எடுக்கிறார்கள்.

கடைசியாக, வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளில் இருக்கும் நம் தம்பிகளைப் பற்றி. கிரிக்கெட் பார்க்க, புதுப்படம் பார்க்க என்று ஏபிகே கோப்புகள் குழுக்களில் கைக்குக் கை சுற்றுகின்றன. ஊருக்குப் பணம் அனுப்பும் செயலியும் அதே கைப்பேசியில்தான் இருக்கிறது, மாதச் சம்பளம் முழுவதும் அதில்தான். தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) தெரிந்த தம்பிகளைப் பார்க்கும்போது நான் அவர்கள் போனை வாங்கி ஒன்றைத்தான் பார்க்கிறேன். அமைப்புகளுக்குள் 'தெரியாத செயலிகளை நிறுவு' (ஆங்கிலத்தில் 'Install unknown apps') என்று தேடினால் ஒரு பட்டியல் வரும். அதில் குரோம், வாட்ஸ்அப், டெலிகிராம், கோப்பு மேலாளர் எல்லாவற்றுக்கும் அனுமதி இல்லை என்று இருக்க வேண்டும். பிறகு அணுகல்தன்மையைத் திறந்து, அங்கே பெயர் தெரியாத எதுவும் இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கிரிக்கெட் செயலியின் பெயர் அங்கே இருந்தால், அந்தப் போனை நெட் இல்லாமல் செய்துவிட்டு, பக்கத்திலிருப்பவர் போனில் முதலில் வங்கியைக் கூப்பிடச் சொல்லுங்கள்.